எந்த நிறுவனமும் பின்னால் இல்லாமல் தமிழில் ஒரு ராப் ஆல்பம் செய்த அனுபவம் எப்படி இருந்தது? கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

ஆறு பாடல் கையில் இருக்கிறது, வெளியிடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதே இடத்தில் நானும் பல மாதம் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் ஆல்பம் வெளிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 14 பாடல் எழுதினேன், 8 பாடல்தான் வெளியே வந்தது, மொத்தம் 27 நிமிடம். எழுத ஆரம்பித்த நாளிலிருந்து வெளியிட்ட நாள்வரை 19 மாதம். அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டியே போனது: நான் பாடுகிற சொல், கேட்பவர் காதில் அதே சொல்லாக விழ வேண்டும்.

ஆரம்பத்தில் இது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தெரியாது. இணையத்தில் கிடைத்த பீட்டுகளை (ராப்புக்கான பின்னணி இசை) வாங்கி, ஆங்கில ராப் கேட்டுப் பழகிய ஃப்ளோவில், அதாவது சொற்கள் தாளத்தில் ஓடும் விதத்தில், தமிழை அடைத்தேன். எனக்குப் பிரமாதமாக இருந்தது. முதல் பாடலைத் தங்கையிடம் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "கடைசில என்னண்ணா சொல்ற, என்னை வீடுன்னா?" என்றாள். நான் எழுதியது "என்னை விடு". ஹூக்கின், அதாவது பாடலில் திரும்பத் திரும்ப வரும் பகுதியின், கடைசிச் சொல் என்பதால் அரை பார் (இரண்டு தட்டு) அளவுக்கு 'வி'யை இழுத்திருந்தேன். விடு, வீடாகிப் போயிருந்தது.

அன்றைக்குத்தான் பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் நினைவுக்கு வந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தினாலும் நீட்டினாலும் பெரும்பாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். நம் மொழியில் நீட்டினால் சொல்லே மாறிவிடும். படம் பாடமாகும், கொடி கோடியாகும், கல் காலாகும். பீட் எந்த இடத்தில் நீளச் சொல்கிறதோ, அந்த இடத்தில் நெடில் வரும்படி எழுத வேண்டும். இல்லையென்றால் சொல்லின் கடைசி உயிரை மட்டும் நீட்ட வேண்டும். அதைக் காது மன்னித்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அதுவரை எழுதிய ஏழு பாடலையும் திரும்ப வாசித்தேன். நான்கு பாடல் தேறவில்லை. தூக்கிப் போட்டேன்.

அடுத்தது எதுகை. ராப் என்றாலே வரிக் கடைசியில் ஒரே ஓசை வர வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். வந்தேன், நின்றேன், சொன்னேன், வென்றேன் என்று எழுதினால் இயைபு தானாக அமைந்துவிடும். தானாக அமைவதால் அதில் ருசி இல்லை. அடுத்த வரி எப்படி முடியும் என்று கேட்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். தமிழின் பலம் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையில் இருக்கிறது. திருப்புகழின் சந்தம் இத்தனை நூற்றாண்டு தாண்டியும் நாக்கில் துள்ளுவதற்கு அந்த எதுகை ஒரு பெரிய காரணம். நான் செய்தது எளிமையான வேலைதான்: ஸ்னேர் டிரம் விழுகிற இரண்டாம், நான்காம் தட்டுகளுக்குப் பக்கத்தில் எதுகைச் சொற்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஆல்பத்தில் இரண்டு வரி இப்படி வரும்:

கட்டு போட்ட காயம் இது, கிட்ட வந்து பாரு
விட்டுப் போன வீட்டுக்குள்ள எட்டிப் பாக்க யாரு

'ட்ட', 'ட்டு', 'ட்டி' என்று வல்லினம் இரட்டிக்கும் இடமெல்லாம் தாளக் கருவி போலவே ஒலிக்கும். பீட்டை நிறுத்தினாலும் அந்த வரிகளுக்குள் தாளம் ஓடும். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006இல் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பத்தைச் சிறுவயதில் கேட்டபோது அந்தத் தமிழ் ஏன் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.

இன்னொன்று, எழுத்துத்தமிழ் இடம் பிடிக்கும். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் 16 பார் என்பது ஏறக்குறைய 43 நொடி. "போயிருக்கிறேன்" என்று பாடினால் வரியின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். "போயிருக்கேன்" என்றால் ஒரு அசை மிச்சம். அதனால் எல்லாமே பேச்சுத்தமிழுக்கு மாறியது, அப்போதுதான் குரலும் என் குரலாக ஆனது.

பீட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குத்தகை உரிமம். அதே பீட்டை இன்னும் எத்தனையோ பேருக்கு விற்பார்கள், இத்தனை முறை கேட்கப்படும்வரைதான் செல்லும் என்று வரம்பும் இருக்கும். நான் உரிம ஒப்பந்தத்தைப் படித்தது மூன்று பாடல் பதிவு செய்து முடித்த பிறகு. அந்த மூன்று பதிவையும் விட்டேன். பழைய திரைப்பாடல் ஒன்றிலிருந்து நான்கு நொடி எடுத்துச் சுழலவிட வேண்டும் என்றும் ஆசை இருந்தது. அதற்கு ஒலிப்பதிவின் உரிமையாளர், பாடலின் உரிமையாளர் என்று இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1991இல் ராப்பர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் தீர்ப்பு "திருடாதே" என்ற விவிலியக் கட்டளையோடுதான் தொடங்கியது. ஹிப் ஹாப்பில் இப்படிப் பிறர் பாடலின் துண்டை எடுத்துப் பயன்படுத்தும் (சாம்பிள்) முறையையே மாற்றிய தீர்ப்பு அது. அந்த நான்கு நொடியையும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நண்பர் எட்டுப் பாடலுக்கும் புதிதாகப் பீட் செய்து கொடுத்தார். வருமானம் ஆளுக்குப் பாதி என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நெருங்கிய நண்பர் என்பதால்தான் எழுதிக்கொண்டோம், இன்றுவரை எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை.

பதிவு என் அறையிலேயே நடந்தது. மூன்று பக்கமும் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல். நுட்பமாகச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே ஒரு முடிவு மட்டும் பலன் தந்தது: ஒவ்வொரு வெர்ஸையும் (ஹூக்குகளுக்கு இடையே வரும் பகுதி) முதலிலிருந்து கடைசிவரை ஒரே டேக்கில் பாடினால்தான் ஏற்றுக்கொள்வது. கணினியில் வரி வரியாக ஒட்டி எடுத்தால் மூச்சே விடாத ஒரு மனிதன் பாடுவது போல இருக்கும், மேடையில் அதைத் திரும்பச் செய்யவும் முடியாது. ஒரே மூச்சோட்டத்தில் பாட முயன்றபோதுதான் எந்த வரியில் தேவையில்லாத சொல் இருக்கிறது என்று தெரிந்தது. மூச்சு முட்டிய இடமெல்லாம் எழுத்தில் கொழுப்பு இருந்த இடம்.

குரலையும் பீட்டையும் சமன் செய்து கலக்கும் மிக்ஸ் தான் என்னை உண்மையில் சோதித்தது. மிக்ஸ் செய்து கொடுத்த நண்பர் முதல் வடிவத்தைப் போட்டுவிட்டு, "மச்சான், பீட் கேக்குது, நீ கேக்கலடா" என்றார். குரலின் ஒலியளவை ஏற்றினால் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. எங்கள் பீட்டில் ஹைஹேட் தாளத்தட்டு, சிந்தசைசர் ஒலி எல்லாம் அதே பகுதியில் நெருக்கியடித்து நின்றன. குரலை ஏற்றுவதற்குப் பதிலாக, குரல் வரும்போது மட்டும் அவற்றை அந்தப் பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினார். சொற்கள் முன்னால் வந்து நின்றன. 808 எனப்படும் ஆழமான பேஸ் டிரம் ஒலி இன்னொரு தலைவலி. அதன் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. நம் பாடலைக் கேட்பவர்களில் பல பேர் அதில்தான் கேட்பார்கள். கொஞ்சம் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பு) சேர்த்து மேல் நாதங்களை உண்டாக்கினால், காது அடிநாதத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆனால் அந்த மேல் நாதங்கள் குரலின் மீது ஏறும். ஒவ்வொரு பாடலிலும் இந்த இழுபறி இருந்தது. இறுதி வடிவத்தை (மாஸ்டர்) முடிந்தவரை சத்தமாகச் செய்யவும் ஆசைப்பட்டேன். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடலின் சத்தத்தையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் ஒரு அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிக்கவிடும் என்று நண்பர் விளக்கிய பிறகு அந்த ஆசையை விட்டேன்.

சுயாதீனம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்க ராப் இரட்டையரான மேக்கில்மோரும் ரயன் லூயிஸும் 2012இல் சொந்தமாக வெளியிட்ட 'தி ஹைஸ்ட்' ஆல்பம், அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது, 2014இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமியும் வாங்கியது. ஆனால் விநியோகத்துக்கும் வானொலி விளம்பரத்துக்கும் பெரிய இசை நிறுவனமான வார்னர் குழுமத்தின் ஆட்களைக் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தினார்கள். சான்ஸ் தி ராப்பர் 2016இல் இணையத்தில் கேட்க மட்டும் வெளியிட்ட 'கலரிங் புக்' அடுத்த ஆண்டு அதே விருதை வாங்கியது. முதல் இரண்டு வாரம் ஆப்பிளிடம் மட்டும் இருக்க 5 லட்சம் டாலர் பெற்றதாக அவரே சொன்னார். இதில் குறை காண எதுவும் இல்லை. பாடலின் உரிமை அவர்களிடமே இருந்தது, தெரியாத வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார்கள். என் ஆல்பத்திலோ, நண்பரிடம் கொடுப்பதற்கு முன்னால், மிக்ஸை நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து மூன்று மாதத்தை வீணாக்கினேன். அந்த மூன்று மாதம் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

வெளியீட்டு வேலைகளை வேகமாகக் கடக்கிறேன். பாடலை ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாடலைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் அனுப்ப வேண்டும். உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை எல்லாப் பாடலுக்கும் ஒன்றுபோல் கொடுங்கள். நான் ஒரு பாடலில் ஒரு எழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அது வேறொரு பாடகரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, திரும்பக் கொண்டுவர இரண்டு வாரம் ஆனது.

இனி, வரவேற்பு. முதல் வாரம் நண்பர்களும் உறவினர்களும் கேட்டார்கள். இரண்டாம் வாரம் எண்ணிக்கை அப்படியே படுத்துவிட்டது. 19 மாத உழைப்புக்கு முன்னால் அந்த அமைதி மிகவும் கனமானது, அதை லேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூட்யூபில் பார்வையாளர் எங்கே விலகுகிறார் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தேன். முதல் பாடலில் 22 நொடிக்கு வெறும் இசை முன்னோட்டம் வைத்திருந்தேன். கோடு அங்கேயே சரிந்திருந்தது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கணக்கு, 2024 முதல் 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பணமும் கிடையாது. என் எட்டில் மூன்று பாடல் அந்த 1,000ஐத் தாண்டவில்லை.

ஆறாவது வாரம் ஒரு விமர்சனம் வந்தது. முன்பின் தெரியாதவர். "எட்டுப் பாடலிலும் ஒரு 'நீ'யைத் திட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அந்த 'நீ' யார்? ஐந்தாம் பாடலில் மட்டும் 31 'டா' இருக்கிறது, எண்ணினேன்" என்று எழுதியிருந்தார். நானும் எண்ணினேன். 31 சரிதான். அந்த 'நீ' யாருமில்லை. ராப் என்றால் எதிரி வேண்டும் என்று எங்கிருந்தோ பழகிக்கொண்ட கோபம் அது. இயைபை விட்டுவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்த நான், வரி முடியாத இடத்திலெல்லாம் 'டா' போட்டு ஒப்பேற்றியிருந்தேன். ஆல்பத்துக்கு வந்த பாராட்டுகளில் எதுவும் இந்த அளவுக்கு உதவவில்லை. அவருக்கு நன்றி சொல்லி நீளமாக ஒரு பதில் எழுதினேன்.

நான்காம் மாதத்தில் நடந்ததை இன்னும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன். மூன்றாம் பாடலின் வரிகளை நான் எங்குமே வெளியிடவில்லை. ஒருவர் காதால் கேட்டே 64 வரியையும் தமிழில் தட்டச்சு செய்து பதிவிட்டிருந்தார். யாரும் கேட்டுக்கொள்ளாமல், தனக்குப் பிடித்ததற்காக. மூன்றே இடத்தில் தவறு. ஒன்றில் நான் 'வலி' என்று பாடியது அவருக்கு 'வழி' என்று கேட்டிருந்தது. அந்தப் பாடலைத் திறந்து பார்த்தோம். மூன்றில் இரண்டு இடத்தில் சொல் விழும் அதே நொடியில் 808 விழுந்தது. 'வலி' என்ற இடத்தில் 808 இல்லை. அங்கே நாக்கை நானே சோம்பலாக மடித்திருந்தேன். மீதி 61 வரியும் எழுத்து மாறாமல் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். அந்தப் பதிவின் கீழே அடுத்த சில வாரத்தில் வேறு பாடல்களின் வரிகளையும் சிலர் கேட்டார்கள், கேட்பவர் எண்ணிக்கை மெல்ல ஏறியது அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஆறு பாடலுக்கு வருகிறேன். வெளியிடுவதற்கு முன்னால், வரிகளைக் காட்டாமல், ராப் கேட்டுப் பழக்கமில்லாத ஒருவரிடம் கைபேசி ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் "என்ன சொன்ன?" என்று கேட்கும் வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாடலில் நான்கைந்து வரிக்குள் இருந்தால் திருத்திவிட்டு வெளியிடுங்கள். அதற்கு மேல் போனால் அந்தப் பாடலைத் திரும்ப எழுதுங்கள். மூன்று நல்ல பாடல் தேறினாலும் போதும், அதை ஈபியாக, அதாவது சில பாடல் மட்டும் கொண்ட சிறு தொகுப்பாக, விடலாம்.