ஹவாய் மக்கள் மீட்ட மொழியும் கடல்வழியும்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியர், மதுரை): ஹவாய் மொழியைப் பேசவே கூடாதென்று அமெரிக்கா சட்டம் இயற்றியது உண்மையா?

பதில்: அந்தச் சட்டம் அமெரிக்கா இயற்றியதன்று. 1893-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வீரர்களின் துணையோடு அரசி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கிய வணிகர்களும் வழக்கறிஞர்களும் அமைத்த குடியரசு, 1896-இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று விதித்தது. அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது 1898-இல். வீட்டில் பேசத் தடையில்லை. ஆனால் வகுப்பில் தாய்மொழி பேசித் தண்டனை பெற்ற பிள்ளைகள், தாங்கள் பெற்றோரானபோது தங்கள் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே பேசினார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, சென்னை): பிறகு எதைக்கொண்டு மீட்டார்கள்?

பதில்: முதியவர்களின் பேச்சையும் பழைய அச்சுத்தாள்களையும் கொண்டு. 1834 முதல் ஏறத்தாழ நூறு செய்தித்தாள்கள் அம்மொழியில் வெளிவந்திருந்தன. கதை, வழிபாட்டுப் பாடல், மருத்துவம், அரசியல் எல்லாம் அவற்றில் கிடக்கின்றன. 1978-இல் மாநில அரசமைப்பு ஹவாய் மொழியை ஆட்சிமொழியாக்கியபோதும் பள்ளித் தடை 1986 வரை நீங்கவில்லை. அதுவரை காத்திராமல் 1984-இலேயே பெற்றோரும் ஆசிரியர்களும், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில், ஹவாய் மொழியிலேயே கற்பிக்கும் ‘புனானா லியோ’ மழலையர் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் துணிவுதான், சட்டத்தைவிட, மொழியைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

கேள்வி (மீனவக் குடும்பத்தவர், ராமேஸ்வரம்): வெள்ளியும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) பார்த்துத் தொழில் செய்தவர்கள் எங்கள் பெரியவர்கள். ஹவாய் மக்கள் கருவியில்லாமல் தென் பசிபிக்கிலுள்ள டஹிட்டித் தீவுவரை சென்றது எப்படி?

பதில்: ஹவாய், டஹிட்டி முதலிய பசிபிக் தீவுகளின் மக்களான பாலினீசியர்கள் காற்றின் போக்கில் தற்செயலாக ஒதுங்கியவர்களே என்று மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் வாதிட்டுவந்தார்கள். அதைச் சோதிக்க ‘ஹோக்குலேயா’ என்னும் இரட்டை ஓடம் கட்டப்பட்டபோது, ஹவாயில் அக்கலையறிந்த மாலுமி ஒருவர்கூட எஞ்சியிருக்கவில்லை. மேற்குப் பசிபிக்கிலுள்ள மைக்ரோனீசியாவின் சதவால் தீவிலிருந்து வந்த மாவ் பியாலுக், விண்மீன்கள் எழும் மறையும் இடங்களையும், நெடுந்தொலைவிலிருந்து வரும் அலை ஓடத்தில் மோதும் விதத்தையும், மாலையில் கரை திரும்பும் பறவைகளையும் கொண்டு, 1976-இல் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து அதனை டஹிட்டியில் சேர்த்தார். வேற்றுத் தீவினருக்கு அவர் கற்பித்ததை அவருடைய ஊரில் எல்லாரும் விரும்பவில்லை. ஆயினும் கற்பித்தார், அவரிடம் பயின்ற ஹவாய் இளைஞர் நைனோவா தாம்ப்சன் 1980-இல் அதே வழியில் சென்று திரும்பினார். தாம்ப்சன் ஹொனலுலுவின் கோளரங்கத்திலும் விண்மீன்களைப் படித்தார் என்பதைக் காட்டி, இது கலப்படக் கலை என்பாருமுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபட்ட கல்வியைத் தொடர்பவர் கிடைத்த வழியிலெல்லாம் கற்கத்தான் வேண்டும்.

கேள்வி (வழக்கறிஞர், கோவை): ஹவாய் மக்களின் நிலம் அவர்களிடம் திரும்பியதா?

பதில்: மிகக் குறைவு. 1941 முதல் கடற்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்களமாக இருந்த கஹோவோலவே தீவில், மக்கள் போராட்டத்தால் 1990-இல் பயிற்சி நின்றது. 1994-இல் தீவு மாநிலத்திடம் வந்தது. வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடப்பதால் அங்கே விருப்பம்போல் செல்ல இயலாது. 1893-ஆம் ஆண்டுக் கவிழ்ப்புக்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் மன்னிப்புக் கேட்டது. அத்தீர்மானத்தின்வழி ஒரு காணி நிலமும் கைமாறவில்லை.