மைல்ஸ் காட் எடுத்தா கிறிப் பழுதாகுமா? கேட்டதும் சொன்னதும்

மட்டக்களப்பு, அம்பாறை பக்கத்து ஆக்கள் பிளைட் மைல்ஸ் (காசு செலவழிக்க சேருற, பிறகு பிளைட் டிக்கட்டுக்கு பாவிக்கிற புள்ளி) வாற கிரெடிட் காட் பத்தி கேட்ட கேள்விகள் இதுகள். நான் கன காலம் பாங்கில கடன் பகுதியில இருந்தனான், இப்ப அங்க இல்ல, அதால எந்த பாங்குக்கும் ஆள் பிடிச்சு குடுக்கிற வேலை எனக்கில்ல. ஒரே மாதிரி வந்த கேள்விகள சேர்த்துட்டன். கிறிப் (CRIB) எண்டு வாறது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், ஆக்கள்ற கடன் விபரம் சேர்த்து வைக்கிற இடம்.

களுவாஞ்சிகுடி, டீச்சர் ஒராள்: சேர், சம்பளம் போடுற பாங்கால கோல் எடுத்து எடுத்து மைல்ஸ் காட் தாறம் எண்டு ஒரே கரைச்சல். எங்கட இவர் சொல்றார் காட் எடுத்தா கிறிப்ல பேர் போயிடும், பிறகு வீட்டு லோன் எடுக்கேலாது எண்டு. உண்மையா?

டீச்சர், நீங்க முந்தி ஒரு லோனோ லீசிங்கோ எடுத்திருந்தா உங்கட பேர் அங்க எப்பவோ போயிட்டு. இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990 ம் ஆண்டு சட்டத்தால வந்தது, பாங்கும் பைனான்ஸ் கொம்பனியும் தங்கட்ட கடன் எடுத்த எல்லாற்ற விபரத்தையும் அங்க அனுப்புறாங்க, ஒழுங்கா கட்டுறவரும் அதுக்குள்ள, கட்டாதவரும் அதுக்குள்ள. கறுப்பு பட்டியல் எண்டு ஒண்டு அங்க இல்ல. லோன் தாறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறதும் அவங்க இல்ல, அந்த அறிக்கைய வாங்கி பார்க்கிற பாங்க் தான். காட் எடுத்தீங்க எண்டா அறிக்கையில ஒரு கணக்கு கூடும், லிமிட் எவ்வளவு, இப்ப பாக்கி எவ்வளவு, எத்தின நாள் பிந்தியிருக்கு, அவ்வளவும் தான். ஒழுங்கா கட்டினா அது உங்களுக்கு சாட்சி. அவரிட்ட சொல்லுங்க, பயப்பட வேண்டியது காட்டுக்கு இல்ல, பிந்துறதுக்கு எண்டு.

ஆனா ஒண்டு, நீங்க எத்தின வருசத்துக்கு ஒருக்கா பிளைட் ஏறுறீங்க? திருப்பதிக்கு ஒருக்கா, பிள்ளைய பார்க்க ஒருக்கா எண்டா வருசாந்த கட்டணம் இல்லாத சாதா காட்டே காணும். மைல்ஸ் காட்டுக்கு பெரும்பாலும் கட்டணம் கூட.

அக்கரைப்பற்று: அண்ணன், மைல்ஸ் காட்டுக்கும் கேஷ்பேக் காட்டுக்கும் ஸ்கோர்ல வித்தியாசம் இரிக்கா?

இல்ல. மைல்ஸ் எவ்வளவு சேர்த்தீங்க எண்டு கிறிப்புக்கு தெரியவும் தெரியாது. கிறிப் ஸ்கோர் எண்டுறது உங்கட கடன் வரலாற்றுக்கு போடுற புள்ளி, 250 ல இருந்து 900 வரைக்கும், கூடினா நல்லம், அது பார்க்கிறது கடனையும் கட்டின விதத்தையும் மட்டும் தான்.

ஏறாவூர்: சேர், தம்பி கட்டார்ல வேலை, வருசம் ஒருக்கா லீவுல வாறவன். இஞ்ச நான் காட் ஒண்டு எடுத்து மைல்ஸ் சேர்த்தா அவனுக்கு டிக்கட் போடலாம் எண்டு பாங்கில சொல்றாங்க. சரியா வருமா?

சரி வரும், ஆனா சுத்தி வளைச்சு போறீங்க. மைல்ஸ் சேர்க்க காட் கட்டாயம் இல்ல. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ்ட பிளைஸ்மைல்ஸ் எண்ட மைல்ஸ் திட்டத்துல சேர ஒரு சதமும் தேவையில்ல, ஸ்ரீலங்கன் 2014 ல வன்வேர்ல்ட் எண்ட எயார்லைன்ஸ் கூட்டணிக்குள்ள போனது, கட்டார் எயார்வேஸும் அதுக்குள்ள தான், அதால தம்பி எதில பறந்தாலும் ஒரே நம்பருக்கு சேர்க்க வழி இருக்கு. டிக்கட் போடேக்க அந்த மெம்பர் நம்பர குடுக்க சொல்லுங்க, கொம்பனி எடுத்து குடுக்கிற டிக்கட் எண்டாலும் குடுக்கலாம், கன பேர் இத செய்யிறதில்ல. பேர் பாஸ்போட்ல இருக்கிற எழுத்துப்படியே இருக்கணும், போடிங் பாஸ வீட்ட வந்து சேர்ந்த உடன கிழிச்சு போடாம மைல்ஸ் விழும் வரை வைச்சிருக்கணும். மலிவு டிக்கட்டுக்கு குறைய விழும், சிலதுக்கு விழவே விழாது. மைல்ஸுக்கு காலாவதியும் இருக்கு, அத பார்த்து பாவிக்கணும்.

பிறகு பிரீ டிக்கட் எண்டு சொன்னாலும் வரியும் எயார்போட் கட்டணங்களும் காசா கட்டத்தான் வேணும். கவுண்டர்ல போய் நிண்டு "பிரீ எண்டு சொன்னாங்களே" எண்டு சண்டை பிடிக்காதீங்க.

கல்முனை, கடை வைச்சிருக்கிற ஒராள்: கடைக்கு சாமான் எல்லாம் காட்டால எடுக்கிறன், மைல்ஸ் நல்லா ஏறுது. மாசம் மினிமம் மட்டும் கட்டிட்டு மிச்சத்த யாவாரத்துல சுத்த விடுறன். ஒரு நாளும் பிந்தினதில்ல. ஸ்கோர் நல்லா தானே இருக்கும்?

பிந்தாததால பிந்தின கணக்கா காட்டாது, அது சரி. ஆனா உங்கட காட் எப்பவும் லிமிட்ட முட்டி நிக்கும், அத பார்க்கிற லோன் ஒபிசர் இந்த ஆள் கையில காசில்லாம ஓடுறார் எண்டு தான் விளங்குவார். நாளைக்கு கடைய பெருப்பிக்க லோன் கேட்டு போனா இது தடக்கும்.

அத விடுங்க, வட்டிய பாருங்க. கிரெடிட் காட் வட்டி 2022 நெருக்கடிக்குள்ள 30 வீதத்தையும் தாண்டினது, பிறகு இறங்கினது. வருசத்துக்கு 28 எண்டு வைப்பம். ஒரு லெட்சம் பாக்கி நிண்டா ஒரு மாசத்துக்கு 2,300 ரூவா சொச்சம் வட்டி. அதே ஒரு லெட்சத்துக்கு எத்தின மைல்ஸ் வந்தது? 200 ரூவாக்கு ஒரு மைல் எண்டு ஒரு கணக்குக்கு வைச்சா 500 மைல்ஸ். 500 மைல்ஸுக்கு 2,300 ரூவா குடுக்கிறீங்க, அதுவும் ஒரு மாசத்துக்கு, அடுத்த மாசம் அந்த பாக்கி அப்படியே நிண்டா திரும்பவும் 2,300, மைல்ஸ் மட்டும் திரும்ப வராது. இன்னொண்டும் இருக்கு, முழுசா கட்டாட்டி அந்த 50 நாள் போல வட்டியில்லாத காலமும் இல்லாம போயிடும், சாமான் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஏறும். வாடகைக்கு மாடு எடுத்து சாணி வித்த கதை தான் இது. யாவாரத்துக்கு சுத்த விட காசு வேணுமெண்டா ஓவர்ட்ராப்ட் (கணக்கில இருக்கிறத விட கூட எடுக்க பாங்க் விடுற வசதி) கேளுங்க, வட்டி இத விட குறையும், மைல்ஸ மறந்துடுங்க.

ஏடிஎம்ல காட்ட போட்டு காசு எடுக்கிற வேலையும் செய்யாதீங்க. அதுக்கு கட்டணம் வேற, முதல் நாள்லயே வட்டி, மைல்ஸும் இல்ல.

செங்கலடி: என்ட மச்சான் காட்ட ரெண்டா வெட்டி குப்பையில போட்டுட்டு சவூதி போயிட்டான், பாக்கி ஒரு சதமும் இல்ல. இப்ப வந்து லோன் கேட்டா கிறிப்ல பிழை எண்டுறாங்க. எப்பிடி?

அடிக்கடி நடக்கிற கூத்து. காட்ட வெட்டினா கணக்கு மூடாது. அடுத்த வருசம் வருசாந்த கட்டணம் விழுந்திருக்கும், ஸ்டேட்மென்ட் பழைய விலாசத்துக்கு வந்து மாமி அத சாமியறையில செருகி வைச்சிருப்பா, எஸ்எம்எஸ் இலங்கை சிம்முக்கு வந்திருக்கும், அந்த சிம் எப்பவோ கட். பிந்தின கட்டணம், அதுக்கு வட்டி, அதுக்கு மேல இன்னொரு பிந்தின கட்டணம். சில ஆயிரம் ரூவா பாக்கிக்கு வீட்டு லோன் நிண்ட பைல்கள் என்ட மேசையாலயே கன போயிருக்கு, வெளிநாட்டுக்கு போன ஆக்கள்ற பைல் தான் அதில கூட.

மச்சான முதல்ல அந்த பாங்குக்கு போக சொல்லுங்க. முழுசா கட்டி, காட்ட மூட சொல்லி எழுத்துல குடுத்து, மூடினது எண்டு ஒரு கடிதமும் வாங்கணும். வருசாந்த கட்டணத்தயும் பிந்தின கட்டணத்தயும் கழிச்சு தர சொல்லி கேட்டு பார்க்கலாம், மனேஜர் நல்ல ஆளெண்டா நடக்கும். பிந்தினது வரலாற்றுல கொஞ்ச காலம் தெரியும், ஆனா கட்டி முடிச்ச பழைய பிந்தலுக்கும் இப்பவும் ஓடுற பிந்தலுக்கும் பாங்க் பார்க்கிற பார்வை வேற.

ஆரையம்பதி: மூண்டு பாங்கில ஒரே கிழமையில அப்ளை பண்ணினா எது கூட லிமிட் தாறாங்களோ அத எடுக்கலாம் தானே மச்சான்?

செய்யாத. ஒவ்வொரு பாங்கும் கிறிப்ப தட்டி பார்ப்பான், அந்த விசாரணை அறிக்கையில நிக்கும், நாலாவது ஆள் பார்த்தா இவன் ஏன் ஊர் முழுக்க கடன் கேட்டு திரியிறான் எண்டு தான் யோசிப்பான். ஒண்டு போடு, பதில் வரட்டும்.

டொரன்டோ, ஊர் மண்டூர்: அண்ணா, இங்க எயார் கனடாட மைல்ஸ் காட், ஏரோபிளான் காட் எடுத்தா வரவேற்பு போனஸ் நல்லா தாறாங்க. போனஸ் வந்த உடன கான்சல் பண்ணிட்டு வேற காட்டுக்கு போகலாம் எண்டு பிரண்ட்ஸ் சொல்றாங்க. அடுத்த வருசம் வீடு வாங்குற பிளான் இருக்கு.

வீடு வாங்குற பிளான் இருக்கு எண்ட உடனேயே என்ட பதில் வேணாம் எண்டு தான், ஆனா ஏன் எண்டு சொல்றன். அங்க ஈக்குவிபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் எண்டு கிறிப் மாதிரி ரெண்டு கிரெடிட் பீரோவில உங்கட பைல் இருக்கு, ஸ்கோர் 300 ல இருந்து 900. அமெரிக்காவில பைகோ (FICO) எண்ட கடன் ஸ்கோர் எப்பிடி பிரிக்கிறாங்க எண்டா கட்டின வரலாறு 35 வீதம், எவ்வளவு கடன் பாவிக்கிறீங்க எண்டுறது 30, கணக்குகள்ற வயசு 15, புதுக்கடன் 10, கடன் வகை 10. கனடாவிலயும் போக்கு கிட்டத்தட்ட இதே தான். அப்ளை பண்ணினா கொஞ்ச புள்ளி இறங்கும், அது பெரிய விசயமில்ல, சில மாசத்துல ஏறிடும். பெரிய அடி மூடேக்க தான் வரும். உதாரணத்துக்கு உங்கட்ட 10,000 டொலர் லிமிட்ல ஏரோபிளான் காட்டும் 5,000 லிமிட்ல பழைய காட்டும் இருக்கு, ரெண்டுலயும் சேர்த்து 3,000 பாக்கி எண்டா 20 வீதம் பாவிக்கிறீங்க. ஏரோபிளான மூடினா அதே 3,000 இப்ப 5,000 க்கு எதிர, 60 வீதம். ஒரு சதமும் கூட கடன்படல்ல, ஆனா ஸ்கோருக்கு நீங்க திடீரெண்டு கடனாளி மாதிரி.

கட்டணம் தான் கரைச்சல் எண்டா மூடாம கட்டணமில்லாத காட்டுக்கு மாத்தி தர கேளுங்க, கணக்கு வயசும் லிமிட்டும் மிஞ்சும். டிக்கட் போல பெரிசா ஏதும் வாங்கினா ஸ்டேட்மென்ட் போடுற நாளுக்கு முதலே கட்டிடுங்க, பீரோவுக்கு பெரும்பாலும் போறது அந்த ஸ்டேட்மென்ட் பாக்கி தான். வீட்டு மோர்கேஜ் கையெழுத்தாகும் மட்டும் புது காட் ஒண்டும் வேணாம்.

கனடா ஸ்கோர் இஞ்ச செல்லாது, இஞ்ச உள்ளது அங்க செல்லாது. ஊருல காணி வாங்க இஞ்ச பாங்கில லோன் கேட்டா புதுசா தான் தொடங்கணும்.

திருக்கோவில், அரச உத்தியோகத்தர்: சேர், எனக்கு ஒரு காட் தான், மாசா மாசம் முழுசா கட்டுறன், லோனும் இல்ல. ஆனா மைல்ஸ் காட் கேட்டதுக்கு கிறிப் சரியில்ல எண்டு தள்ளிட்டாங்க. நான் என்ன பிழை செஞ்சன்?

ஆருக்கும் பிணை வைச்சீங்களா?

இத தான் எல்லாரும் மறக்கிறாங்க. எங்கட பக்கம் கந்தோர்ல வேலை செய்யிற ஒரு ஆள் இருந்தா சொந்தக்காரன், கூட வேலை செய்யிறவன், கோயில் தலைவர்ட மகன் எண்டு எல்லாரும் போர்ம் ஒண்டோட வந்து நிப்பாங்க, "ஒரு கையெழுத்து தானே". மாட்டன் எண்டு சொன்னா நன்மை தின்மைக்கு கதைக்க மாட்டாங்க. ஆனா அந்த கையெழுத்து உங்கட கிறிப் அறிக்கையில பிணையாளி எண்டு தனியா நிக்குது, அவர் தவணை விட்டா அந்த பிந்தல் உங்கட அறிக்கைய எடுக்கிறவனுக்கும் தெரியும். மைல்ஸ் காட்டால கிறிப் கெட்ட ஆக்கள விட பிணையால கெட்ட ஆக்கள தான் நான் கூட கண்டிருக்கிறன், காட் எடுக்கவா விடவா எண்டு மாசக்கணக்கா யோசிக்கிற மனிசர் பிணைக்கு மட்டும் தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள கையெழுத்து வைச்சிடுவாங்க.

உங்கட அறிக்கைய எடுத்து பாருங்க, எந்த கடன் எண்டு அதில இருக்கும். எடுத்தவர போய் பிடிங்க, வெக்கப்படாம. அவர் கட்டாட்டி பாங்க் உங்கட சம்பளத்துக்கு தான் வரும், அப்ப கிறிப் எல்லாம் சின்ன பிரச்சினை.

வாழைச்சேனை: அம்மாவ சென்னைக்கு வைத்தியத்துக்கு கூட்டி போகணும். யாழ்ப்பாணத்தால போறது லேசு எண்டுறாங்க, மைல்ஸால டிக்கட் எடுக்கலாமா?

பலாலியால சென்னைக்கு பறக்கிற இண்டிகோ வன்வேர்ல்ட்ல இல்ல, அதால பிளைஸ்மைல்ஸ அதில பாவிக்கேலாது. கட்டுநாயக்காவால ஸ்ரீலங்கன்ல போறதெண்டா பாவிக்கலாம், ஆனா மட்டக்களப்பில இருந்து இரவு பஸ்ஸில அம்மாவ கொழும்புக்கு கொண்டு போற பாட்டையும் யோசிங்க. இந்திய சைட்டுல இந்திய ரூவாயில காட் போட்டா மாத்து கட்டணமும் முத்திரை வரியும் சேரும், விலைய பார்க்கேக்க அதையும் கூட்டி பாருங்க. ஆஸ்பத்திரி பில்லுக்கு லிமிட் காணுமா எண்டு போக முதலே பாங்கில கேட்டு வைங்க, வெளிநாட்டு பாவனைக்கு காட்ட திறந்து விடவும் சொல்லுங்க. அம்மாக்கு சுகம் வரட்டும்.

சாய்ந்தமருது: கிறிப் அறிக்கைய நாமளே எடுத்தா ஸ்கோர் குறையுமா? பிழை இருந்தா எங்க போறது?

குறையாது, அது உங்கட விபரம், நீங்க பார்க்கிறது கடன் கேக்கிறதில்ல. அவங்கட இணையத்தளத்தாலயும் எடுக்கலாம், பாங்காலயும் எடுக்கலாம், சின்ன கட்டணம் ஒண்டு இருக்கு, அடையாள அட்டைய கொண்டு போங்க. பிழை கண்டா விபரம் அனுப்பின பாங்குக்கோ லீசிங் கொம்பனிக்கோ தான் முதல்ல எழுதணும், அவங்க திருத்தி அனுப்பினா தான் கிறிப்ல மாறும், கிறிப்புக்கும் முறைப்பாட்டு கொப்பி ஒண்டு போடுங்க. கட்டி முடிச்ச ரசீதுகள் இருந்தா ஒரு கிழமை வேலை, இல்லாட்டி ஏறி இறங்கத்தான் வேணும்.