கணிதம் ஆளுக்கொன்று, விஞ்ஞானம் வீட்டுக்கொன்று: வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளில் கணிதம், விஞ்ஞானம் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். எழுதியவர்களில் அதிகமானோர் மூன்று பிள்ளைகளுக்கு மேல் உள்ள பெற்றோர்.

கேள்வி: எனக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவனுக்கு 14, கடைக்குட்டிக்கு இப்போதுதான் 5. ஆளாளுக்குக் கணிதம், ஆளாளுக்கு விஞ்ஞானம் என்று தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரமாகியும் முடிவதில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் இருக்கிறதா, ரீச்சர்? (சுன்னாகம்)

பதில்: விஞ்ஞானத்துக்குப் பொதுவாக வைக்கலாம். கணிதத்துக்கு முடியாது. இந்த இரண்டையும் ஒரே சோடியாக நினைப்பதால்தான் உங்களுக்கு நாள் போதவில்லை.

கணிதத்தில் படி தாண்ட முடியாது. பின்னம் விளங்காத பிள்ளைக்கு விகிதம் விளங்காது, சதவீதம் விளங்காது, அட்சரகணிதப் பின்னம் வரும்போது அழுகைதான். நமது பாடப்புத்தகங்களில் எண்கள், அளவீடுகள், அட்சரகணிதம், கேத்திரகணிதம், புள்ளிவிபரவியல், தொடைகளும் நிகழ்தகவும் என்ற ஆறு கருப்பொருள்களும் வருடா வருடம் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் ஒரு படி உயரும். அதனால் ஒரு வருடம் விட்ட ஓட்டை அடுத்த வருடம் பெரிதாகத் தெரியும். ஒவ்வொருவரையும் அவரவர் நிற்கிற இடத்திலிருந்து கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் புதுப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குப் புதுப் பாடம் போதும். மற்றவர்கள் நேற்றோ முந்தநாளோ படித்ததில் கணக்குச் செய்யட்டும். கடைக்குட்டிக்குக் கொப்பியே வேண்டாம். புளியங்கொட்டையை எண்ணவும் பத்துப் பத்தாகக் கூட்டவும் கால் மணித்தியாலம் தாராளம். மூத்தவனுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். ஆனால் அதில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியது இருபது நிமிடம்தான்.

விஞ்ஞானத்தை வாரத்தில் இரண்டு பின்னேரம், எல்லாரையும் ஒன்றாக இருத்திச் செய்யுங்கள். ஆரம்பப் பிரிவில் விஞ்ஞானம் தனிப்பாடமாகவே இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. தரம் 6இல்தான் தனியாகப் பிரிகிறது. 6 முதல் 9 வரைக்கும் பூவைப் படித்துவிட்டுத்தான் மின்சுற்றைப் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. தலைப்பு ஒன்றை எடுத்து, வயதுக்கு ஏற்றபடி எதிர்பார்ப்பை மாற்றினால் போதும்.

உங்கள் வளவுக் கிணற்றையே எடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். ஓடுகிற ஆறென்று சொல்ல மழைக்கு மட்டும் வருகிற வழுக்கியாறுதான். குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் நிலத்தடி நீர். ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கி, கல் கட்டிய கயிற்றை இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் என்று வாரம் ஒரு தரம் அளவுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் ஒருவரும் கிணற்றடிக்குப் போகக்கூடாது. கடைக்குட்டி கயிற்று முடிச்சுகளை எண்ணட்டும். பத்து வயதுப் பிள்ளை திகதி போட்டு அட்டவணை எழுதட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரைபு கீறி, மழை பெய்து எத்தனை நாளில் மட்டம் ஏறியது என்று பார்க்கட்டும்.

மூத்தவனுக்கு அடர்த்தி. நன்னீர் லீற்றருக்கு 1000 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். அதனால் நம் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. 1000ஐ வித்தியாசமான 25ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் இருக்கலாம் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. மோட்டர் போட்டு அந்த மேல்மட்டத்தைக் குறைத்தால் அடியிலிருக்கும் உப்பு எவ்வளவு ஏறும் என்று அவனே கணக்குப் போடட்டும். பிறகு எல்லாரையும் புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. இந்த ஒரு தலைப்பு உங்களுக்கு ஒரு மாதத்துக்குக் காணும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூத்தவன் தரம் 10க்கு வந்ததும் அவனை இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். ஓ.எல். (தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை) விஞ்ஞானம் பெரிய பாடத்திட்டம், புத்தக ஒழுங்கிலேயே போகவேண்டும். குடும்பத் தலைப்புகளோடு இழுபட்டால் முடியாது.

கேள்வி: லண்டனிலிருந்து கோப்பாய்க்குத் திரும்பி வந்திருக்கிறோம். நான்கு பிள்ளைகள். அங்கே சக்ஸன் கணிதம் செய்தார்கள். சிங்கப்பூர் முறைதான் நல்லது என்று அக்கா சொல்கிறா. எதைத் தொடர்வது? இங்கத்தைய ஓ.எல்.லா, லண்டன் ஓ.எல்.லா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கண்டுபிடியுங்கள். மூத்த பிள்ளைக்கு 12, 13 வயது ஆகும்போது எந்தப் பரீட்சை என்று தீர்மானித்துவிட்டால் புத்தகம் தானாகவே தெரிவாகிவிடும்.

சக்ஸன் புத்தகத்தின் பழக்கம், ஒரு பாடத்தில் புதிதாகச் சிறு துண்டு ஒன்றைச் சொல்லிவிட்டு, பழைய பாடங்களிலிருந்து கலந்து நிறையக் கணக்குக் கொடுப்பது. மறதிக்காரப் பிள்ளைக்கு அது நல்லது. சீக்கிரம் விளங்கிக்கொள்கிற பிள்ளைக்கு அலுப்பு. அமெரிக்கப் புத்தகம் என்பதால் அங்குலமும் றாத்தலும் டொலரும் வரும். சிங்கப்பூர் முறை முதலில் கையால் தொடுகிற பொருள், பிறகு படம், அதன் பிறகு குறியீடு என்று போகும். வசனக் கணக்கில் அதன் பட்டைப் படம் கெட்டிக்கார முறை. அண்ணாவிடம் தம்பியிடம் இருப்பதைப்போல மூன்று மடங்கு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். இருவரிடமும் சேர்த்து 28. தம்பிக்கு ஒரு பட்டை, அண்ணாவுக்கு மூன்று. நான்கு பட்டை 28 என்றால் ஒன்று 7. அட்சரகணிதம் படிக்காத ஒன்பது வயதுப் பிள்ளை இதைச் செய்துவிடும்.

என்னைக் கேட்டால், ஐந்தாம் தரம் வரை சிங்கப்பூர் முறை. ஆறிலிருந்து எந்தப் பரீட்சையோ அதற்கான புத்தகம். ஒரு பிள்ளைக்கு இரண்டு முழுப் பாடத்திட்டங்களை ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். ஒன்றில் பின்னம் முன்னுக்கு வரும், மற்றதில் பின்னுக்கு வரும். இரண்டும் அரைகுறையாகப் போகும்.

இங்கத்தைய ஓ.எல். என்றால் லண்டனில் படித்த பிள்ளைக்கு மூன்று இடங்களில் இடிக்கும். பரீட்சையில் கணிகருவி கிடையாது, மடக்கை அட்டவணைதான். இரண்டாவது, கவராயமும் வரைகோலும் வைத்து அமைப்பும் ஒழுக்கும் (நிபந்தனைக்கு ஏற்ப நகரும் புள்ளியின் பாதை) செய்யவேண்டும்; சக்ஸன் பிள்ளைக்கு இதில் பயிற்சி குறைவாகவே இருக்கும். மூன்றாவது மொழி. ஆங்கில மொழிமூலப் புத்தகமும் உண்டு, தமிழும் உண்டு. இரண்டும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசம்.

லண்டன் ஓ.எல்., அதாவது கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் பரீட்சை என்றால் தனிப்பட்ட பரீட்சார்த்திகள் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகப் பதியலாம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானப் பாடங்களில் செய்முறைப் பரீட்சைக்குப் பதிலாக எழுத்து வினாத்தாள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். எடெக்செல்லில் செய்முறைக்கென்று தனி வினாத்தாளே இல்லை. ஆய்வுகூடம் இல்லாத வீட்டுக்கு இரண்டும் சரிவரும். ஆனால் கட்டணம் பாடத்துக்குப் பாடம். நான்கு பிள்ளைகளுக்கு எத்தனை பாடம் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தால் சட்டப் பிரச்சினை வருமா? (பருத்தித்துறை)

பதில்: இலங்கையில் 5 வயது முதல் 16 வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். ஆகவே நிறுத்துவதற்கு முன்பு வலயக் கல்வி அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். உங்களுக்கு வடமராட்சி வலயம். சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். ஓ.எல். எழுதத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதிபர் யாரும் நினைவூட்டமாட்டார். அடையாள அட்டையும் அப்படித்தான். 15 வயது ஆனதும் கிராம அலுவலரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் வண்ணப்படத்தோடு அழகாக இருக்கின்றன. அவற்றையே வைத்துப் படிப்பிக்கலாமா?

பதில்: வாசிக்கக் கொடுக்கலாம். பிரதான புத்தகமாக வைக்கவேண்டாம். அங்கே ஆக்சிஜன், முடுக்கம், ஒளிச்சேர்க்கை. இங்கே வினாத்தாளில் ஒட்சிசன், ஆர்முடுகல், ஒளித்தொகுப்பு. பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) என்று கேட்டால் அங்கத்தைய புத்தகம் படித்த பிள்ளை முழிக்கும். அதோடு பாட ஒழுங்கும் வேறு.

கேள்வி: ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானம் எப்படி? ஆறு பிள்ளைகள், செலவழிக்க அதிகம் இல்லை. (காரைநகர்)

பதில்: ஓ.எல். விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை இல்லை. ஆனால் வினாத்தாளில் உபகரண அமைப்பைக் காட்டி, இதில் என்ன அவதானிப்பாய் என்று கேட்பார்கள். கையால் செய்த பிள்ளைக்கும் படத்தைப் பாடமாக்கிய பிள்ளைக்கும் அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

காசு கொடுத்து வாங்கவேண்டியவை: கிராம் காட்டும் சிறிய தராசு, அளவுச்சாடி, வெப்பமானி, கைவில்லை, பற்றரியும் சிறு பல்புகளும் வயரும். பெரிய பிள்ளைகள் இருந்தால் ஒரு மல்ரிமீற்றர். இவ்வளவும் ஆறு பேருக்கும் பொது. கணிதப் பயிற்சிக் கொப்பி ஆளுக்கொன்று வேண்டும், தராசு வீட்டுக்கு ஒன்று போதும். பெரிய குடும்பத்துக்கு விஞ்ஞானம் உண்மையில் மலிவான பாடம்.

மற்றதெல்லாம் குசினியிலும் வளவிலும் இருக்கிறது. மஞ்சள் கரைத்துக் கடதாசியில் பூசிக் காயவிட்டால் காட்டி (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டுவது) தயார். சவர்க்காரத் தண்ணீரிலும் சுண்ணாம்பிலும் சிவக்கும், தேசிக்காய்ப் புளிக்கு மாறாது. செம்பரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் அமிலத்துக்குச் சிவப்பும் காரத்துக்குப் பச்சையும் காட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி அடையவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, குழாயால் மெல்ல ஊதச் சொல்லுங்கள். பால்போல் வெளுக்கும், மூச்சில் வருகிற காபனீரொட்சைட்டு அது. உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்பணி (புளிக்காத பனஞ்சாறு) இறக்கும் பானைக்குள் ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்று ஒரு நாள் கேளுங்கள். மதுவம் (ஈஸ்ட்), நொதித்தல், காரத்தன்மை மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். பனையில் ஆண் வேறு, பெண் வேறு என்பதைப் புத்தகத்தில் தேடவேண்டாம், வேலியடியில் பார்க்கலாம். கடல்நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் ஆனையிறவு உப்பளத்தில் நடப்பது முற்றத்தில் நடக்கும். எவ்வளவு நீரில் எத்தனை கிராம் உப்பு என்று நிறுத்தால் அது செறிவுப் பாடம்.

வீட்டு மின்சாரத்தில் பரிசோதனை வேண்டாம். கிணறு கழுவவும் கக்கூசு கழுவவும் வாங்கும் திரவங்களையும் தொடவிடாதீர்கள்.

கேள்வி: பதினொரு வயதுத் தங்கச்சி, பதின்மூன்று வயது அண்ணாவைக் கணிதத்தில் முந்திவிட்டாள். அவன் புத்தகத்தைத் தூக்கி எறிகிறான்.

பதில்: அவர்கள் இருவரும் ஒரே புத்தகத்தில் இருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். அவளை நிறுத்தி வைக்காதீர்கள். அவளுக்குத் தரத்தில் மேலே போவதற்குப் பதில் அதே தலைப்பில் கடினமான வசனக் கணக்குகளைக் கொடுத்தால் ஓட்டம் குறையும், ஆழம் கூடும். அவனுக்கு எங்கே ஓட்டை என்று கண்டுபிடியுங்கள். கீழ்த் தரப் புத்தகங்களின் பயிற்சிகளைப் பின்னோக்கிக் கொடுத்துக்கொண்டு போங்கள். பத்துக்கு எட்டுச் சரியாகச் செய்யும் இடத்திலிருந்து தொடங்குங்கள். புத்தக அட்டையில் உள்ள தரத்தைத் தாள் போட்டு மறைத்துவிடுங்கள். அனேகமாக அவனுக்குப் பின்னமோ திசைகொண்ட எண்ணோதான் (+, − குறி போட்ட எண்) தட்டுப்படும்.

கேள்வி: மூத்தவள் தரம் 10. சின்னவர்களுக்கு அவள்தான் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். சரியா?

பதில்: வாய்ப்பாடு கேட்கலாம், விடை திருத்தலாம். புதுப் பாடம் எடுக்க விடவேண்டாம். பின்னத்தால் வகுக்கும்போது "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஏன் என்று தம்பி கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. அவளுக்கும் அடுத்த வருடம் சோதினை. அரை மணித்தியாலத்துக்கு மேல் அவளிடம் எடுக்காதீர்கள்.

கேள்வி: பதினாறாம் வாய்ப்பாடு வரை பாடமாக்க வேண்டும் என்று அப்பப்பா பிடிவாதம். பிள்ளைகள் ஓடி ஒளிக்கிறார்கள்.

பதில்: பன்னிரண்டு வரை போதும். ஆனால் அப்பப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கணிகருவி இல்லாத பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வாய்ப்பாடு நாக்கில் நிற்கவேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், சதுர மீற்றரில் ஏறத்தாழ 253. நாடாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வளவை அளந்து, காணி உறுதியில் எழுதியிருப்பது சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதினாறாம் வாய்ப்பாடு அங்கே தானாக வரும்.

கேள்வி: கணிதத்துக்கு மட்டும் ரியூசனுக்கு விடலாமா?

பதில்: தரம் 10, 11க்கு விடலாம், பிழையே இல்லை. கணிதம் வினாத்தாள் இரண்டில் 3 மணித்தியாலத்தில் 10 வினா எழுதவேண்டும். நேரத்துக்குள் எழுதிப் பழகுவது வீட்டில் கஷ்டம். சேர்ப்பதற்கு முன்பு வகுப்பில் எத்தனை பேர், கொப்பி யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கொப்பி பார்க்காத இடத்துக்கு மாதாமாதம் காசு கட்டுவதைவிட, கடந்தகால வினாத்தாள்களை வாங்கி, மணிக்கூட்டை வைத்து வீட்டிலேயே எழுதவிடுங்கள்.