டிராவல் மக் கேள்வி பதில்: முதலில் மூடி, அப்புறம் மணிக்கணக்கு

சூடான பானம் கொண்டுபோகும் மக் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஐஸ் டம்ளர், தண்ணீர் பாட்டில் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெற்றிடச் சுவர் (இரண்டு சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிட்டது) நன்றாக இருக்கும் மக்கில் சூடு தப்பிப்போகும் பெரிய வழி மூடியும் கழுத்தும்தான். ஒழுகுவது, நாறுவது, வாயைச் சுடுவது எல்லாமும் பெரும்பாலும் மூடியில்தான் தொடங்கும்.

கேள்வி 1: பெட்டியில் 12 மணி நேரம் சூடு நிற்கும் என்று போட்டிருக்கிறது. என் டீ 4 மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பெட்டியில் இருக்கும் எண்ணிக்கை பொதுவாக இப்படித்தான் வருகிறது: கொதிநிலையை ஒட்டிய வெந்நீரை முழுக்க நிரப்பி, மூடியை இறுக்கி, திறக்காமல் சாதாரண அறையில் வைத்து அளப்பார்கள். நீங்கள் ஊற்றும் பால் டீ ஊற்றும்போதே 75, 80 டிகிரிதான் இருக்கும். முக்கால் மக்தான் நிரப்புவீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து குடிப்பீர்கள்.

திறப்பதுதான் பெரிய இழப்பு. நீராவியாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் தன் எடைக்கு மீறிய வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 350 மில்லியில் வெறும் மூன்றரை மில்லி, அதாவது நூற்றில் ஒரு பங்கு, ஆவியானாலே மீதியின் சூடு 5 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பயனில்லை.

மக்கிலேயே கோளாறா என்று பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள். கொதிக்கும் நீரை நிரப்பி மூடி, 10 நிமிடம் கழித்து வெளிச்சுவரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பாருங்கள். கழுத்தை ஒட்டிய ஒரு விரலகலம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, உள்சுவரும் வெளிச்சுவரும் அங்கேதான் சேர்கின்றன. நடுவிலோ அடியிலோ சூடு தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது. அதை வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை, உத்தரவாதம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். சுவர் முழுக்கக் குளிர்ந்தே இருந்தால் உங்கள் மக் நன்றாக இருக்கிறது. மூடியையும், அதில் கசிவைத் தடுக்கும் சிலிகான் வளையமான கேஸ்கட்டையும் பாருங்கள்.

கேள்வி 2: "டபுள் வால்" என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. இரண்டு சுவருக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். வெறும் காற்றாக இருந்தால் கை சுடாது, அவ்வளவுதான். பானம் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். வெளியே பிளாஸ்டிக்கும் உள்ளே எவர்சில்வரும் உள்ள மக்குகள் பலவும் இந்த வகை. "வேக்குவம்", அதாவது வெற்றிடம், என்ற சொல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். விஞ்ஞானி ஜேம்ஸ் டூவார் 1892-இல் ஆய்வகத்துக்காகச் செய்த குடுவையின் அதே தத்துவம்தான் இன்றைக்கும்: காற்று இல்லாத இடத்தில் வெப்பம் கடத்தப்பட வழியில்லை. கதிர்வீச்சாகப் போவதைக் குறைக்கச் சிலர் உள்சுவரின் வெற்றிடப் பக்கம் செம்பு பூசுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது, தொட்டும் பார்க்க முடியாது. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி 3: சார், காந்தம் ஒட்டினால் மட்டமான ஸ்டீல் என்கிறார்களே?

காந்தத்தை நம்பாதீர்கள். நல்ல 304 எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். தகடாக இருக்கையில் அதில் காந்தம் ஒட்டாது. அழுத்தி இழுத்து மக் வடிவத்துக்குக் கொண்டுவரும்போது வளைந்த இடங்களில் லேசாக ஒட்டலாம். மாங்கனீசு அதிகமாகவும் நிக்கல் குறைவாகவும் உள்ள மலிவான 201 வகையிலும் காந்தம் ஒட்டாமல் இருக்கும். ஆகவே சோதனை இரு பக்கமும் பொய் சொல்லும். உள்சுவரிலோ அடியிலோ 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 316-இல் மாலிப்டினமும் உண்டு, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். டீ, காபிக்கு 304 தாராளம்.

கேள்வி 4: எந்த மாதிரி மூடி நல்லது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்! எங்கே வைத்துக் குடிப்பீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மூடி.

பையில் போடுவதாக இருந்தால் திருகு மூடி, அல்லது பூட்டு உள்ள ஃபிளிப் மூடி (பொத்தானை அழுத்தினால் மேலே எழும்பித் திறப்பது). ஃபிளிப்பில் பூட்டு கட்டாயம் வேண்டும், பையில் எதுவாவது பொத்தானை அழுத்திவிட்டால் முடிந்தது. மேலே தள்ளித் திறக்கும் ஸ்லைடர் மூடி, காந்தத்தால் நிற்கும் மூடி இரண்டும் தெறிப்பைத் தடுக்கும், கசிவைத் தடுக்காது. மேசைக்கும் வண்டியின் கப் ஹோல்டருக்கும் சரி, பைக்குள் வேண்டவே வேண்டாம்.

நடுவில் அழுத்தினால் சுற்றிலும் எந்தப் பக்கமும் குடிக்கலாம் என்ற வகை ஒரு கையால் கையாள வசதி. ஆனால் உதடு படும் விளிம்பு முழுவதும் ஈரம் தங்கும், உள்ளே சிறிய பாகங்கள் அதிகம். பால் கலந்த பானத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது மூடியை முழுக்கப் பிரிக்க முடிகிறதா, கேஸ்கட் கையால் கழன்று வருகிறதா, கேஸ்கட் மட்டும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றி, பூட்டி, துணியில் சுற்றித் தலைகீழாக ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வெந்நீரிலும் அதே சோதனை. குளிர்நீருக்குக் கசியாதது வெந்நீருக்குக் கசியலாம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும்.

கேள்வி 5: எவ்வளவு கழுவினாலும் பழைய பால் நாற்றம் போகவில்லை.

கேஸ்கட்டைக் கழற்றினீர்களா? நாற்றத்தில் பெரும்பங்கு எவர்சில்வரில் இருக்காது. சிலிகான் வளையத்தின் பின்பக்கத்திலும் மூடிக்குள் இருக்கும் பள்ளத்திலும்தான் பால் தங்கும்.

தட்டையான, கூர்மையில்லாத பிளாஸ்டிக் குச்சியால் வளையத்தை நெம்பி எடுங்கள். கத்தி வேண்டாம், ஒரு கீறல் விழுந்தாலும் கசியும். வளையத்தை மட்டும் 5 முதல் 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். மூடிக்குச் சூடான சோப்புத் தண்ணீரும் சின்ன பிரஷ்ஷும் போதும். மக்குக்குள் 2 தேக்கரண்டி சமையல் சோடா போட்டு வெந்நீர் நிரப்பி, மூடாமல் இரவு முழுக்க விடுங்கள். காலையில் அலசி, எல்லாவற்றையும் தனித்தனியாகக் காயவைத்த பிறகே பூட்டுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நுரை வரும், ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், சுத்தமாகாது.

இத்தனைக்குப் பிறகும் வளையம் நாறினால் புதுசு வாங்குங்கள்.

கேள்வி 6: முதலில் வெந்நீர் ஊற்றி மக்கைச் சூடாக்கச் சொல்கிறார்கள். வீண் வேலை என்பது என் கருத்து. மெல்லிய தகடு எவ்வளவு சூட்டைக் குடித்துவிடப் போகிறது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். பானத்தைத் தொடுவது உள்சுவர் மட்டும், அது 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேற்ற எவர்சில்வருக்குத் தேவைப்படும் வெப்பம் அதே எடைத் தண்ணீருக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆக அந்தச் சுவர் 12 கிராம் தண்ணீருக்குச் சமம். மக் 25 டிகிரி, பானம் 90 டிகிரி, அளவு 350 மில்லி என்றால் இழப்பு 2 டிகிரிக்குச் சற்று மேல். 150 மில்லி மட்டும் ஊற்றினால் 5 டிகிரி.

அதே வாசகர்: பார்த்தீர்களா, 2 டிகிரி! நான் சொன்னது சரிதானே?

முழு மக்குக்கு உங்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு. ஆனால் மூடிய நல்ல மக் தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு இழப்பது 4 முதல் 6 டிகிரிதான். அப்படியென்றால் 2 டிகிரி என்பது ஏறக்குறைய அரை மணி நேரச் சூடு. அரை மக் ஊற்றுபவருக்கு இன்னும் அதிகம். வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைப்பதற்கு அது மோசமான பலனா?

இன்னொருவர்: மூடியும் குளிர்ந்துதானே இருக்கும்? அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே.

சரியான கேள்வி. மூடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மூடியைப் போட்டுச் சூடாக்கச் சொல்கிறேன். வெந்நீரைக் கொட்டிய கையோடு பானத்தை ஊற்றிவிடுங்கள், திறந்து வைத்தால் செய்த வேலை போய்விடும்.

வேறொருவர்: அண்ணா, நீங்களெல்லாம் சூட்டைக் கூட்டப் பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு மணி நேரம் ஆகியும் வாயில் வைக்க முடியவில்லை.

இந்த வாதம் இங்கேதான் வந்து சேர வேண்டும். எப்போது குடிக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் முன்சூடு வேண்டுமா என்று கேட்பதில் பொருளில்லை. மூன்று மணி நேரம் கழித்து முதல் வாய் குடிப்பவருக்கு முன்சூடு நல்லது. கிளம்பிய உடனே குடிப்பவருக்கு அது தொல்லை.

இது வசதி பற்றிய பேச்சு மட்டும் இல்லை. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பதை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் தொடர்பாக, "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சேர்த்தது. சாதாரண டம்ளரில் பானம் தானாக ஆறிவிடும். வெற்றிட மக்கில் ஆறாது. சின்னத் துளை வழியாக உறிஞ்சும்போது எவ்வளவு சூடு என்று உதட்டுக்கும் தெரியாது. உடனே குடிப்பவர்கள் மூடியில்லாமல் 10, 15 நிமிடம் விட்டுப் பிறகு மூடுங்கள். அல்லது 90 டிகிரி காபி 300 மில்லியில் குளிர்ந்த பால் 60 மில்லி சேருங்கள், ஒரே அடியாக 76 டிகிரிக்கு வந்துவிடும், 65-க்குக் கீழே வர இன்னும் கொஞ்சம் ஆற விடுங்கள். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் இரண்டு மூன்று நாளில் உங்கள் மக்கின் கணக்கு கைக்கு வந்துவிடும்.

முன்சூடு பற்றி இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். பதில் இதுவேதான்.

கேள்வி 7: காலையில் போட்ட பால் டீயை மாலையில் குடிக்கலாமா?

வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கிருமிகள் பெருகாது. அதற்குக் கீழே இறங்கிய பிறகு 2 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள், இல்லையேல் கொட்டுங்கள். பாலைக் காய்ச்சிவிட்டோமே என்று நினைக்காதீர்கள். சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது, வெதுவெதுப்பான மக் அவற்றுக்கு வசதியான இடம். வாய் வைத்துக் குடித்த மக்கென்றால் வாயிலுள்ள கிருமிகளும் உள்ளே போயிருக்கும். நாள் முழுக்க வேண்டுமென்றால் பாலில்லாத டீயோ காபியோ கொண்டுபோய், பாலைக் குளிர்ச்சியாகத் தனியே வைத்துச் சேருங்கள். டீத்தூளையும் டீ பையையும் உள்ளேயே விட்டுவிடாதீர்கள், சூடு இறங்காததால் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும், கசந்துவிடும்.

கேள்வி 8: மூடியில் ஏதோ வாடை வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி 5. கேஸ்கட்டைக் கழற்றுங்கள்.

கேள்வி 9: மைக்ரோவேவில் வைக்கலாமா? ஃபிரீசரில்?

இரண்டிலும் கூடாது. மைக்ரோவேவில் உலோகம் பொறி தட்டும். ஃபிரீசரில் உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிந்து சுவரை நெளித்துவிடும். அடுப்பிலும் வைக்காதீர்கள்.

கேள்வி 10: டீயில் இரும்பு வாசனை அடிக்கிறது. செராமிக் பூச்சு வாங்கலாமா?

வாங்கலாம். சுவை நுணுக்கமாகத் தெரிபவர்களுக்கு வித்தியாசம் புரியும். ஆனால் கம்பி நாரும் உலோகக் கரண்டியும் உள்ளே போகக்கூடாது, பூச்சு பெயர்ந்தால் மாற்ற வேண்டும். அதற்கு முன் உள்ளே படிந்த டீக்கறையை எடுத்துப் பாருங்கள், பல சமயம் வாசனை கறையிலிருந்துதான் வரும். சமையல் சோடாவுக்கு மசியாத கறைக்கு ஆக்சிஜன் பிளீச் (குளோரின் இல்லாத வெளுப்புத் தூள்) ஒரு தேக்கரண்டி, சூடான தண்ணீர், அரை மணி நேரம், மூடி போடாமல். மூடினால் வாயு சேர்ந்து தெறிக்கும். வெள்ளையாகப் படியும் தண்ணீர் உப்புக்கு சிட்ரிக் அமிலம் ஒரு தேக்கரண்டி, இரண்டு மணி நேரம். குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம், எவர்சில்வரில் குழி விழும்.

கேள்வி 11: எந்த பிராண்டு வாங்கட்டும்?

பெயர் சொல்லப் போவதில்லை. கேள்வி 4-இல் சொன்ன மூன்றையும் பாருங்கள்.

கேள்வி 12: பொத்தானை அழுத்தியதும் காபி முகத்தில் தெறித்தது. மூடி கெட்டுவிட்டதா?

கெடவில்லை, உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கிறது. விளிம்புவரை நிரப்பாதீர்கள், மூடியின் அடிப்பகுதிக்குக் கீழே 2 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஊற்றிய சூட்டோடு இறுக்காமல் ஒரு நிமிடம் விட்டு மூடுங்கள். முதல் தடவை திறக்கும்போது மக்கை நிமிர்த்தி, முகத்திலிருந்து விலக்கிப் பிடித்துத் திறந்து ஆவியை விடுங்கள், பிறகு வாயில் வையுங்கள். வாயு அடைத்த சோடா பானம் எதையும் இந்த மக்கில் அடைக்கவே கூடாது. கெட்டுப்போன பால் பானமும் வாயுவை உண்டாக்கும். நாள் கணக்கில் மூடிக் கிடந்த மக்கை மிக மெதுவாகத் திருகித் திறங்கள்.

கேள்வி 13: கீழே விழுந்து நசுங்கிவிட்டது. பயன்படுத்தலாமா?

கேள்வி 1-இல் உள்ள 10 நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். சுவர் குளிர்ந்திருந்தால் பயன்படுத்தலாம். அடியில் ஒட்டியிருக்கும் வட்டத் தகடு கழன்றிருந்தால் மட்டும் பயன்படுத்த வேண்டாம். வெற்றிடத்தை அடைக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது, சில தயாரிப்புகளில் அந்த அடைப்புப் பொருளில் ஈயம் உண்டு. மூடப்பட்டிருக்கும்வரை பானத்தோடு சேராது, வெளியே தெரிந்தால் கை படும்.

கேள்வி 14: குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க இதில் வெந்நீர் கொண்டுபோகலாமா?

குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். நீரின் வெப்பநிலை அங்கே முக்கியம், பொதுவாக ஒரு பதில் சொல்வது சரியாக இருக்காது.

கேள்வி 15: சூப் ஊற்றலாமா?

அதற்கு அகன்ற வாய் ஃபுட் ஜார் வாங்குங்கள். துணுக்குகள் குடிக்கும் துளையில் சிக்கிக்கொள்ளும், வால்வு மூடாமல் கசியும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் உப்பு தங்காமல் அன்றைக்கே கழுவுங்கள்.

கேள்வி 16: டிஷ்வாஷரில் போட்ட பிறகு கசிய ஆரம்பித்துவிட்டது.

அடியில் டிஷ்வாஷர் குறி இல்லாத மக்கைப் போடக்கூடாது. பெயின்ட் உரியும், அடைப்பும் தளரலாம். கசிவுக்கு முதலில் கேஸ்கட்டைப் பாருங்கள். கழுவும்போது பள்ளத்தைவிட்டு நழுவியிருக்கும், அல்லது தலைகீழாக மாட்டியிருப்பீர்கள்.  சந்தேகமாக இருந்தால் அடுத்த தடவை கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.