2019-ல் வேலூரில் மட்டும் ஏன் தனியாக மக்களவைத் தேர்தல் நடந்தது? வாக்கு வித்தியாசம் ஏன் அவ்வளவு குறைவு?

ஏப்ரல் 18-ல் மற்ற தொகுதிகளோடு வேலூரும் வாக்களித்திருக்க வேண்டும். அதற்குள் வருமான வரித் துறைச் சோதனையில் சுமார் 11 கோடி ரூபாய் சிக்கியதால், தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். பணப் பட்டுவாடா புகாரால் மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

ஆகஸ்ட் 5-ல்தான் வாக்குப்பதிவு. தி.மு.க.வின் கதிர் ஆனந்த், அ.தி.மு.க.-பா.ஜ.க. கூட்டணிக்காக இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகத்தை வெறும் 8,141 வாக்குகளில் வென்றார். மாநிலம் முழுக்க வீசிய தி.மு.க. அலை இங்கே ஏன் அடங்கியது? மே மாதமே மத்தியில் ஆட்சி முடிவாகிவிட்டதால், 'யார் பிரதமர்' என்ற கேள்விக்கு வேலை இல்லை. சண்முகத்துக்கும் தொகுதி பழசு. 2014-ல் தாமரையில் நின்று இரண்டாமிடம் வந்தவர். ஆனால் ஜூலை கடைசியில் பா.ஜ.க. அரசின் முத்தலாக் தடை மசோதா நிறைவேறியது. முஸ்லிம் வாக்காளர்கள் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகள்தான் தி.மு.க.வைக் கரை சேர்த்தன என்பேன்.

2024-ல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியே நின்றன. அப்புறமென்ன, தி.மு.க.வின் வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.