குடிக்காதவரின் தள்ளாட்டம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா 45 வயது வாக்கில் தள்ளாட ஆரம்பித்தார். ஒரு சொட்டு தொட்டதில்லை, ஆனாலும் ஊரில் குடிகாரர் என்றே பெயர். இப்போது அண்ணனுக்கு 37 வயதில் அதே நடை. மரபணுச் சோதனையில் எஸ்சிஏ 2 (ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா 2 என்ற பரம்பரை நோய்) என்று வந்திருக்கிறது. எனக்கு 34. எதைக் கவனிக்க வேண்டும்? என் மகளுக்கும் இப்போதே பார்த்துவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஊர்க்காரர்கள் கண்டதில் பிழையில்லை, சொன்ன காரணம்தான் அநியாயம். போதை குழப்புவதும் இந்த நோய் அரிப்பதும் அதே சிறுமூளையைத்தான். காலை அகட்டி நடப்பது, நாக்குக் குழறுவது எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

ஆனால் இந்த வகையைக் கண் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர் இடமும் வலமுமாக இரண்டு விரல்களை நீட்டி, தலையைத் திருப்பாமல் மாறி மாறிப் பார்க்கச் சொல்வார். நம் பார்வை சட்டென்று தாவும். இவர்களுக்கு மெல்ல ஊர்ந்துதான் போய்ச் சேரும். பம்பாயில் வாடியா, சுவாமி என்ற இரு மருத்துவர்கள் ஒன்பது குடும்பங்களில் இதைக் கவனித்து 1971-இல் எழுதிவிட்டார்கள். மரபணு பிடிபட்டதோ 1996-இல்.

நடை கெடுவதற்கு முன்பே கெண்டைக்கால் பிடித்து இழுப்பதுண்டு. (அதற்காகப் பயந்துவிடாதீர்கள், கெண்டைக்கால் யாருக்குத்தான் பிடிக்காது?) கைப்பிடி இல்லாமல் படி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் தடுமாறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கையெழுத்து, சட்டைப் பொத்தான்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்ததால் உங்களுக்கு அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 12-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்து டிஎன்ஏ துண்டு ஒன்று பெரும்பாலானவர்களுக்கு 22 முறை திரும்பத் திரும்ப வரும். 33-ஐ எட்டினாலோ தாண்டினாலோ நோய். அப்பா வழியாக வரும்போது அது இன்னும் நீளக்கூடும், நோயும் முந்திக்கொள்ளும். உங்கள் வீட்டில் 45, 37 ஆனது இப்படித்தான் இருக்க வேண்டும்.

மகளுக்கு வேண்டாம். தடுக்க மருந்தில்லாத நோயை, அறிகுறி இல்லாத குழந்தையிடம் தேடிச் சோதிப்பதில்லை. 18 வயதுக்குப் பிறகு அது அவள் முடிவு. உங்களுக்கும் தெரிந்துகொள்ளாமலே இருக்க உரிமை உண்டு. தெரிய வேண்டுமென்றால் முதலில் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள், ரத்தம் கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

இப்போது கவனிக்க வேண்டியவர் அண்ணன். பிசியோதெரபியை விடாமல் செய்யட்டும். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறதா? ஏறினால், விழுங்கப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்த வாரமே காட்டுங்கள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும்வரை விட்டுவிட வேண்டாம்.