பழைய கியூடா, புதிய உபுண்டு: கார்டு மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். எம்.டெக். படிக்கும் என் மகளின் ஆய்வுக்காக எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியை வாங்கினோம். உபுண்டு 22.04 என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். அவளுடைய பேராசிரியர் தந்திருக்கும் நிரல் மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பகுத்துப் பார்ப்பது; 2019-இல் எழுதப்பட்டது. டென்சர்ஃப்ளோ 1.15 என்ற இயந்திரக் கற்றல் நூலகம், கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் அதில் கணக்கீடு செய்யத் தரும் கியூடா 10.0 என்ற மென்பொருள் இரண்டும் வேண்டும் என்று அதன் குறிப்பில் இருக்கிறது. கடைக்காரர் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கியூடா 10.0-ஐ நிறுவினார். மறுநாள் கணினியைத் திறந்தால் திரை கறுப்பாகவே நின்றது. பிறகு உபுண்டு 18.04-ஐப் போட்டார், இப்போது இணைய இணைப்பும் வரவில்லை. "பழைய கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இதைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். நாங்கள் என்ன செய்வது, ஐயா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். உங்கள் கணினியில் எதுவும் பழுதாகியிருப்பதாகத் தெரியவில்லை. தவறான வரிசையில் மென்பொருள்களைப் போட்டதால் வந்த கோளாறு இது.

கியூடா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, கார்டை இயங்குதளத்தோடு பேச வைக்கும் டிரைவர். மற்றொன்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும், நிரல்களுக்குத் தேவையான கணித நூலகங்களும் அடங்கிய டூல்கிட். டிரைவர் கணினிக்கு ஒன்றுதான் இருக்க முடியும். டூல்கிட்டுகளோ ஒரே கணினியில் நான்கைந்து பதிப்புகள்கூட வெவ்வேறு கோப்புறைகளில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கலாம். புதிய டிரைவர் பழைய டூல்கிட்டில் உருவான நிரலை இயக்கும். பழைய டிரைவரோ தனக்குப் பின் வந்த கார்டை அடையாளம்கூடக் கண்டுகொள்ளாது. ஆகவே டிரைவர் புதியதாகவும், டூல்கிட் நிரல் கேட்கும் பதிப்பாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் கடைக்காரர் எங்கே தவறியிருப்பார் என்பதை இதிலிருந்து ஊகிக்க முடிகிறது. 2018-இல் வெளியான கியூடா 10.0-இன் ரன்ஃபைல் எனப்படும் ஒற்றைக் கோப்பு நிறுவிக்குள், டூல்கிட்டோடு சேர்த்து 410.48 என்ற அந்தக் காலத்து டிரைவரும் பொதிந்திருக்கிறது. நிறுவும்போது "டிரைவரையும் போடட்டுமா?" என்று அது கேட்கும். வேண்டாம் என்று சொல்லாமல் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்திருந்தால், சரியாக ஓடிக்கொண்டிருந்த புதிய டிரைவர் அகற்றப்பட்டிருக்கும். 2021-இல் வந்த 3060-ஐ 2018-ஆம் ஆண்டின் டிரைவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, உபுண்டு 22.04-இன் கெர்னலோடும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அது ஒத்துப்போகாது. கறுப்புத் திரைக்குக் காரணம் அநேகமாக இதுதான். 18.04-க்குப் போனதும் இணையம் நின்றதும் அதே குடும்பத்துக் கோளாறுதான்: அந்த இயங்குதளம் 2018-ஆம் ஆண்டின் கெர்னலோடு வந்தது, உங்கள் மதர்போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப் அதற்குப் பிறகு வந்ததாக இருக்கும். தவிர, 18.04-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2023-இலேயே முடிந்துவிட்டன. ஒரு மாணவியின் அன்றாடக் கணினியை அதில் ஓட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு கார்டுக்கும் கணிப்புத்திறன் எண் என்று ஒன்றை என்விடியா தருகிறது. 3060-இன் எண் 8.6. கியூடா 10.0 அறிந்த உச்ச எண் 7.5. அதாவது, இயங்குதளத்தை எத்தனை முறை மாற்றினாலும் கியூடா 10.0-க்கு உங்கள் கார்டைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. சில நிரல்களில் இடைநிலைக் குறியீடு இருக்கும். அதை டிரைவர் இயக்க நேரத்தில் புதிய கார்டுக்கு மொழிபெயர்த்துக்கொள்ளும். அப்படி முதல் தடவை தொடங்கும்போது பல நிமிடங்கள் காத்திருக்க நேரும். அதன் பிறகும் கணித நூலகங்கள் பிழை சொல்லி நிற்பதுண்டு, அதைவிட மோசமாக, பிழை எதுவும் சொல்லாமல் தவறான எண்களைத் தருவதும் உண்டு. மூளைப் படங்களை ஆராயும் நிரலில் ஓடாத நிரலைவிடத் தவறாக ஓடும் நிரல் ஆபத்தானது. உங்கள் மகள் அந்த வழியில் போக வேண்டாம்.

அவருக்குப் பொருத்தமான வழி வேறு இருக்கிறது, அதற்குப் பணச் செலவும் இல்லை. பழைய டென்சர்ஃப்ளோ 1.15-ஐ நம்பியிருந்தவர்களுக்காக, அதைப் புதிய கார்டுகளில் ஓடும்படி கியூடா 11, 12 பதிப்புகளோடு மறுபடி கட்டி, 2023 வரை என்விடியாவே வெளியிட்டு வந்தது. அது டாக்கர் என்ற மென்பொருளில் ஓடும் கன்டெய்னராகக் கிடைக்கிறது. கன்டெய்னர் என்பது, தனக்குத் தேவையான நூலகங்களையும் பைத்தான் பதிப்பையும் தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கெர்னலையும் டிரைவரையும் மட்டும் நம் கணினியிலிருந்து இரவல் வாங்கிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு. பைத்தான் பதிப்பை இங்கே குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கமான டென்சர்ஃப்ளோ 1.15 பைத்தான் 3.7-க்கு மேல் ஏறாது, உபுண்டு 22.04-இலோ 3.10 இருக்கிறது. கார்டு சிக்கல் தீர்ந்தாலும் அந்த இடத்தில் அவர் மறுபடி முட்டிக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டிய வரிசை இது. மகளின் கோப்புகளை வேறு வட்டில் எடுத்து வைத்துவிட்டு, உபுண்டு 22.04-ஐப் புதிதாக நிறுவுங்கள். டிரைவரை உபுண்டுவின் கூடுதல் டிரைவர்கள் என்ற பகுதியிலிருந்தே போடுங்கள். என்விடியா தளத்திலிருந்து தனியாக இறக்க வேண்டாம். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியாக இருந்தால் நடுவில் ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். மறு தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிப்போய்விட்டு, டிரைவர் ஏறவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். பிறகு டாக்கர், அதன் மேல் என்விடியாவின் கன்டெய்னர் டூல்கிட், கடைசியாக டென்சர்ஃப்ளோ 1.15 படிமம் (கன்டெய்னரை உருவாக்கும் கோப்புத் தொகுப்பு). படிமம் பல ஜிபி அளவுள்ளது என்பதால் நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் இறக்குங்கள். நிரல் ஓடியதும், பேராசிரியரிடம் பழைய முடிவுகள் சிலவற்றை வாங்கி, அதே படங்களுக்கு அதே விடை வருகிறதா என்று மகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது.

இனிக் கடைக்காரர் விஷயம். கார்டில் குறை இல்லாதபோது அதைத் திரும்ப எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் "இந்த நிரல் இதில் ஓட வேண்டும்" என்று வாங்குமுன் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, அவர் ஓடும் என்று உறுதி சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அந்த உரையாடலைப் பத்திரமாக வைத்திருங்கள். நிறுவித் தருவதற்கு வாங்கிய 3,000 ரூபாய் தனிக் கதை. அது ஒரு சேவை. செய்த சேவை கணினியை ஓடாமல் ஆக்கியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று கேட்க அதில் இடம் உண்டு. தொகையைத் திருப்பித் தரும்படி, பில்லின் நகலோடு, 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதன் பிறகும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம். 3,000 ரூபாய்க்கு ஆணையம் வரை அலைவதைவிட மகளின் ஆய்வு நேரம் பெரிது.

கேள்வி: நான் எலகங்காவில் வீட்டிலிருந்தே தனியாகத் தொழில் செய்பவன். என்னிடம் ஜிடிஎக்ஸ் 1660 கார்டும் உபுண்டு 22.04-உம் உள்ளன. ஒரு வாடிக்கையாளரின் பழைய மூல நிரலைக் கியூடா 10.2-இல் கம்பைல் செய்ய வேண்டும். ஜிசிசி என்ற கம்பைலரில் 8-க்கு மேற்பட்ட பதிப்புகளை ஏற்பதில்லை என்று பிழை வருகிறது. கணினி முழுவதற்கும் பழைய ஜிசிசி-யைப் போட்டுத் தருகிறேன், 2,500 ரூபாய் ஆகும் என்கிறார் தெரிந்த ஒரு டெக்னீஷியன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் கார்டின் கணிப்புத்திறன் எண் 7.5 என்பதால் கியூடா 10.2 அதை நன்றாக அறியும். உங்களுக்கு இருப்பது கம்பைலர் சிக்கல் மட்டுமே. ஒவ்வொரு டூல்கிட்டும் தன் காலத்து ஜிசிசி வரைதான் ஏற்கும்: 10.0 என்றால் 7 வரை, 10.2 என்றால் 8 வரை, 11.8 என்றால் 11 வரை. உபுண்டு 22.04 ஜிசிசி 11-ஐக் கொண்டு வருகிறது, 8 அதன் களஞ்சியத்திலேயே இல்லை. அதை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து கணினிக்கே பொதுவானதாக ஆக்கினால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் டிரைவரை மறுபடி கட்டும்போது அந்தப் பழைய கம்பைலர் குறுக்கே வந்து, உங்கள் டிரைவரும் போய்விடக்கூடும். இந்தப் பதிப்புச் சோதனையைத் தாண்டிப்போகக் கியூடாவின் தலைப்புக் கோப்பில் ஒரு வரியை அழிக்கும் உபாயம் ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கப் போகும் நிரலுக்கு அது வேண்டாம் என்பேன்.

வெறும் உபுண்டு 18.04 கன்டெய்னர் ஒன்றை எடுங்கள். அதில் ஜிசிசி-யை நிறுவினால் 7-ஆம் பதிப்பு வரும், 10.2-க்கு அது போதும். என்விடியாவின் பழைய பதிப்புகளுக்கான காப்பகத்தில் 10.2-இன் ரன்ஃபைல் இன்னும் கிடைக்கிறது. அதைக் கன்டெய்னருக்குள், டிரைவரை விட்டுவிட்டு, டூல்கிட்டை மட்டும் நிறுவச் சொல்லி ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கன்டெய்னரைப் படிமமாகச் சேமித்து, ரன்ஃபைலோடு சேர்த்து ஒரு வெளி வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகள் என்றைக்கும் இணையத்தில் இருக்கும் என்று நம்பித் தொழில் செய்ய முடியாது. வெறுமனே ஏற்கெனவே கம்பைல் ஆன பைத்தான் நூலகங்களை ஓட்டுவதற்கு மட்டும் பழைய கியூடா தேவைப்படும் வாசகர்கள், இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோண்டா என்ற பைத்தான் தொகுப்பு மேலாளரின் சூழலிலேயே பழைய நூலகங்களைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் டெக்னீஷியன் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் காட்டி, "உங்களிடம் கியூடா 12 இருக்கிறது, 10.2 ஓடாது" என்று சொன்னால் கலங்க வேண்டாம். அந்தக் கட்டளை காட்டுவது உங்கள் டிரைவர் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பை. நிறுவியிருக்கும் டூல்கிட் எது என்று அறிய, கியூடாவின் கம்பைலரான என்விசிசி-யிடம்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நன்றாக இருந்த டிரைவரை அழித்துவிட்டு வந்தவர்களின் கடிதங்களே எனக்கு அதிகம் வருகின்றன.

இன்னொன்று: தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அதில் விலக்கு உண்டு. நீங்கள் தனியாகத் தொழில் செய்பவர் என்பதால் பில்லை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்குப் பதிலாகப் பழைய நிரலுக்குப் பழைய கார்டையே செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாமா? (கே.ஆர். புரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நிரலை மாற்றவே முடியாது, கன்டெய்னரிலும் ஓடவில்லை என்ற நிலையில் வாங்கலாம். கியூடா 10.0-க்கு 2017-ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 2018-ஆம் ஆண்டின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ இரண்டுமே பொருந்தும். இரண்டிலும் 11 ஜிபி நினைவகம் உண்டு. விலை கட்டுப்படியானால் நான் இரண்டாவதையே சொல்வேன். 2025-இல் வந்த கியூடா 13.0, 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது. 2080 டிஐ சேர்ந்த டூரிங் தலைமுறைக்கு இன்னும் இடம் இருக்கிறது. பழைய நிரலுக்காக வாங்கும் கார்டில் நாளை புதிய நிரலையும் ஓட்ட வேண்டிவரும்.

நேர்மாறான தவறையும் செய்ய வேண்டாம். புதிது நல்லது என்று ஆர்டிஎக்ஸ் 40 வரிசையை வாங்கினால் கியூடா 11.8-க்குக் கீழே உள்ளவை அதை அறியா. 50 வரிசைக்கு 12.8 வேண்டும்.

கார்டைக் கடையில் வெறுமனே பார்த்து வாங்காதீர்கள். கணினியில் பொருத்தி, அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். நினைவகம் 11 ஜிபி முழுவதும் தெரிகிறதா என்று பாருங்கள். மலிவான கார்டின் பயாஸை (உள்ளே பதிந்த மென்பொருளை) மாற்றி விலையுயர்ந்த பெயரைக் காட்டும் மோசடி உண்டு. விண்டோஸில் ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி பெரும்பாலும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கார்டுகள் 250 வாட்டோ அதற்கு மேலோ இழுப்பவை என்பதால் உங்கள் பவர் சப்ளை அதற்குத் தாங்குமா, உரிய இணைப்புக் கம்பிகள் இருக்கின்றனவா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். பில்லில் கார்டின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். சோதித்துத் திருப்பித் தர எத்தனை நாள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அங்கே வாங்காதீர்கள்.